குழந்தையும் பிரயாணமும்

ஊருக்குப் புறப்படும் குடும்பங்களில், பெட்டி கட்டும்போதே ஒரு வினா எழுந்துவிடுகிறது. வழியில் குழந்தை அழாமல், அடம் பிடிக்காமல், அங்குமிங்கும் ஓடாமல் இருக்க எதைக் கொண்டு போவது? ஒரு தலைமுறைக்கு முன் இதற்கு விடை முறுக்கு, கடலை மிட்டாய், ஒரு கிலுகிலுப்பை என்ற அளவில் முடிந்துவிடும். இன்றோ கைப்பேசியா, அகன்ற திரையுள்ள டேப்லெட்டா, கதை ஒலிக்கும் சிறு பெட்டியா, பொத்தான் அழுத்தி விளையாடும் கருவியா என்று கடை கடையாக ஏறி இறங்கும் வினாவாக அது வளர்ந்திருக்கிறது. மதரஸாவில் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர், விடுமுறை நெருங்கும் காலங்களில், “எதை வாங்கிக் கொடுக்கலாம் ஹஜ்ரத்?” என்று என்னையே கேட்பதுண்டு. கருவிகளின் விலையும் தரமும் அறிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்க, ஓதிக்கொடுப்பவனிடம் வந்து கேட்பானேன்? வாங்குவதில் அவர்களுக்கு ஏதோ ஓர் உறுத்தல் இருக்கிறது. அந்த உறுத்தல் நியாயமானதா என்று பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

எதை வாங்குவது என்பதற்கு முன்னே நிற்கும் கேள்வி, யாருக்காக வாங்குகிறோம் என்பது. குழந்தைக்காக என்று சொல்கிறோம். ஆனால் கடையில் நாம் கையாளும் அளவுகோல் என்ன? எந்தக் கருவி குழந்தையை அதிக நேரம் சத்தமின்றி வைத்திருக்கும் என்பதே. இந்தத் தேவை நம்முடையது, குழந்தையினுடையதன்று. தன் தேவையைத் தன் தேவையென்று ஒப்புக்கொள்வதில் இழுக்கு ஒன்றுமில்லை. அதைக் குழந்தையின் பேரில் எழுதி வைக்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

நம் தேவை அற்பமானது என்று சொல்ல வரவில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கணவரிடம் செல்வதற்காக, இரண்டு சிறு குழந்தைகளுடன் தனியே விமானம் ஏறும் தாயை எண்ணிப் பாருங்கள். ஒன்று மடியில் அழுகிறது; மற்றொன்று முன்னிருக்கையை உதைக்கிறது. சுற்றிலும் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவள் கைப்பேசியை எடுத்துக் கொடுத்தால், “இந்தக் காலத்துத் தாய்மார்கள்...” என்று முணுமுணுப்பவரும் அவர்களே. அவளுக்கு அறிவுரை கூற ஆயிரம் பேர் உளர். குழந்தையைப் பத்து நிமிடம் வாங்கி வைத்துக்கொள்ள ஒருவரும் இலர். குழந்தைத் திரைநேரத்தைப் பற்றிக் கண்டிப்புடன் பேசும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம்கூட 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், விமானப் பயணம், மருத்துவச் சிகிச்சை போன்ற வேளைகளில் திரையானது குழந்தையை ஆற்றுவதற்குப் பயன்படலாம் என்று இடம் கொடுக்கிறது. அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. அழுகையை அடக்கத் திரையே வழி என்று பழகிவிட்டால், தன் மனக்கொதிப்பைத் தானே ஆற்றிக்கொள்ளும் திறன் குழந்தையிடம் வளராமற் போகலாம் என்பது அந்த எச்சரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வகுத்த அளவும் தெரிந்திருக்க வேண்டியதே. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைவாயின் நன்று. பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில் இந்த ஒரு மணி நேரம் எந்த மூலைக்குப் போதும் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

பயணச் சலிப்புக்குக் கருவி தேடுவது புதிய வழக்கமன்று. 1980 இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம், உள்ளங்கையில் அடங்கும் ‘கேம் அண்ட் வாட்ச்’ என்னும் விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதை உருவாக்கிய குன்பெய் யோக்கோய், விரைவு ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கணக்கிடும் கருவியின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு இவ்வெண்ணம் கொண்டார் என்று சொல்வதுண்டு. சலித்திருந்தவர் வளர்ந்த மனிதர் என்பதைக் கவனியுங்கள்! அதற்கு முந்திய ஆண்டில், 1979 இல், சோனியின் வாக்மேன் வந்திருந்தது. 1989 இல் கேம் பாய், 2010 இல் ஐபேட் என வரிசை நீண்டது.

இந்த வரிசையில் நடுவே ஒன்று மாறிப்போனதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. பழைய கருவிகளுக்கு முடிவு இருந்தது. ஒலிநாடாவின் ஒரு பக்கம் அரை மணியிலோ முக்கால் மணியிலோ ஓடித் தீரும். யாராவது எடுத்துத் திருப்பிப் போட்டால்தான் மறுபக்கம். அந்த இடைவெளியில் குழந்தை தலையை உயர்த்தி, “எந்த ஊர் வந்திருக்கு?” என்று கேட்கும். இன்று இணையத்தில் ஒரு காணொளி முடியுமுன் அடுத்தது வாசலில் வந்து நிற்கிறது. எவரும் தொடாமலே ஓடத் தொடங்குகிறது. ஆகவே, கருவியின் பெயரையும் விலையையும்விட, அது எங்கே முடிகிறது என்று கேட்பதே முறையான கேள்வி என்று கருதுகிறேன். அலைபேசிக் கோபுரத்தை நம்பாமல், இரண்டு மூன்று கதைகளை வீட்டிலேயே தேர்ந்து இறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கொடுத்த டேப்லெட் ஒரு பொருள். இணையத்தோடு அப்படியே தூக்கிக் கொடுத்த டேப்லெட் வேறு பொருள். கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றே.

பயணம் என்பது குழந்தைக்கு என்ன தருகிறது என்று பார்த்தால்தான், அதில் எவ்வளவைத் திரைக்கு ஈடாகக் கொடுக்கலாம் என்பது விளங்கும். அரபியில் பயணத்துக்கு ஸஃபர் என்று பெயர். (மாதத்தின் பெயராகிய ஸஃபர் வேறு, அது ஸாத் எழுத்தில் தொடங்குவது.) இதன் வேர்ச்சொல்லுக்குத் திரை விலகுதல், வெளிப்படுதல் என்பது பொருள். வைகறை வெளிச்சம் பரவுவதை இஸ்ஃபார் என்கிறோமே, அதுவும் இவ்வேரில் கிளைத்ததே. மனிதரின் குணங்களைத் திரை விலக்கிக் காட்டுவதால் பயணம் இப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயண ஒழுக்கங்களைக் கூறுமிடத்தில் விளக்குகிறார்கள். திரையை விலக்குவதற்கென்று பெயர் பெற்ற ஒன்றுக்கு நாம் திரையைக் கையில் கொண்டு போகிறோம் என்று சிலேடை பேசி நிறுத்திவிடலாம். ஆனால் விஷயம் சிலேடையோடு நிற்பதன்று.

ரயில் பெட்டியில் ஜன்னலோர இடம் ஒன்று; அதற்கு ஆசைப்படும் பிள்ளைகள் மூவர். எதிரே அமர்ந்திருக்கும் அறியாத பெரியவர் பிஸ்கட் நீட்டுகிறார். பசிக்கிறது, ஆனால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க இன்னும் நேரமிருக்கிறது. பக்கத்து இருக்கைக் குழந்தை தன் பொம்மையைத் தர மறுக்கிறது. இவையெல்லாம் வீட்டில் கிடைக்காத பாடங்கள். விட்டுக்கொடுத்தல், காத்திருத்தல், அந்நியரிடம் மரியாதையோடு மறுத்தல் என்று பெரிய பெயர்களால் நாம் பிற்காலத்தில் கற்பிக்க முயல்பவை அங்கே தாமாக வந்து மடியில் விழுகின்றன. தன் பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை என்பதைத் தந்தை அறிந்துகொள்வதும் அங்கேதான். வாப்பாவின் பொறுமை எத்தனை நிலையம் வரை தாங்கும் என்பதைப் பிள்ளை அறிந்துகொள்வதும் அங்கேதான்.

இராமேசுவரத்துக்குச் செல்லும் ரயிலை எடுத்துக்கொள்வோம். 1914 முதல் நூறாண்டுக்கு மேல் உழைத்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின்மீது வண்டி போகிறது. இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மிகுதியான நீளம். இரு புறமும் கடல். கப்பலுக்கு வழிவிட வேண்டும்போது நடுவிலுள்ள 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். நான்கு வயதுக் குழந்தைக்குப் பொறியியல் விளங்காது. ஆனால் தண்ணீருக்குமேல் ரயில் போகிறது என்பது விளங்கும். அந்த நேரத்தில் அதன் கண்முன்னே ஒரு கரடிக்குட்டி திரையில் ஆடிக்கொண்டிருக்குமானால், அக்குழந்தை பாம்பனைக் கடந்தது என்று எப்படிச் சொல்வது? கூடைக்குள் இருந்த மாம்பழமும்தான் கடந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாம்பன் சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே சீமைக் கருவேலங்காடு. இரவு வண்டியானால் அதுவும் இல்லை, ஜன்னலில் நம் முகமே தெரியும். இயற்கையைக் காட்டி வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுவோர் இந்த நீண்ட கருவேலங்காட்டை மறந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு விளையாட்டு வேண்டும். விளையாட்டை அறவே தடுத்து எப்போதும் படிப்பிலேயே இருத்துவது பிள்ளையின் உள்ளத்தைச் சாகடித்துவிடும் என்னும் கருத்தை மேற்சொன்ன இமாம் அவர்களே அந்நூலில் வேறோர் இடத்தில் கூறியிருக்கிறார்கள். ஆகவே முன்னே விட்டுவந்த ஒரு மணி நேரக் கணக்குக்கு என் விடை இதுதான்: அந்த ஒரு மணியைக் கருவேலங்காட்டுக்கு ஒதுக்குங்கள், புறப்பட்டவுடனேயே செலவழித்துவிட வேண்டாம். வண்டி கிளம்பும் முதல் அரை மணி குழந்தைக்குத் தானே திருவிழா. அப்போதே கருவியைக் கொடுப்பவர், பசிக்குமுன் ஊட்டுபவரைப் போன்றவர்.

கருவிகளில் எனக்கு மனம் ஒப்புவது கண்ணைக் கேட்காத கருவி. கதை ஒலிக்கும் பெட்டி காதை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கண் ஜன்னலில் இருக்கலாம், கை பொம்மையில் இருக்கலாம். அதற்கென்று தனிப் பெட்டி வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. புறப்படுமுன் உம்மம்மாவிடம் இரண்டு கதை சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம். அந்தக் குரலுக்குக் குழந்தை உறங்கவும் உறங்கும். மலைப் பாதைகளில் இது இன்னும் பொருந்தும். ஓடும் வண்டியில் அருகிலுள்ள திரையையே உற்றுப் பார்த்தால், கண் ‘நிற்கிறோம்’ என்கிறது, உட்காது ‘ஓடுகிறோம்’ என்கிறது. இவ்விரண்டின் சண்டை குமட்டலில் முடிகிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு இத்தொல்லை மிகுதி. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு பிளாஸ்டிக் பை தேடுவதில் பயனில்லை.

ஒலி என்றவுடன் பக்கத்தில் இருப்பவரின் உரிமை வந்துவிடுகிறது. யார் யாருக்கெல்லாம் நன்மை செய்ய வேண்டுமென்று திருமறை எண்ணிச் சொல்லும் இடத்தில், பெற்றோர், உறவினர், அண்டை வீட்டாரோடு, பக்கத்தில் இருக்கும் தோழரும் இடம் பெறுகிறார். வழித்துணையாக வருபவர் என்றே விரிவுரையாளர் பலர் இதற்குப் பொருள் காண்கின்றனர். எதிர் இருக்கையில் இருப்பவர் பத்து மணி நேரத்துக்கு நம் அண்டை வீட்டார். நம் குழந்தையின் அழுகையைப் பொறுத்துக்கொள்ள அவர் கடமைப்பட்டவர் என்பேன். அழுகை குழந்தையின் இயல்பு. நம் குழந்தையின் காணொளிப் பாட்டைப் பொறுத்துக்கொள்ள அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. அது நம் தேர்வு. காதணிபோல மாட்டும் ஒலிப்பான் வாங்குவோர், ஒலியளவு கட்டுப்படுத்தப்பட்டதையே வாங்க வேண்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற அளவு. ரயிலின் இரைச்சலை வெல்ல நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவோம் என்பதை மறக்கலாகாது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலிவான விளையாட்டுக் கருவிகளில் பொத்தான் வடிவப் பாட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அது புண்ணாக்கிவிடக்கூடும். பாட்டரி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இனி, கொடுப்பதைவிடக் கடினமானது திரும்ப வாங்குவது. இங்கேதான் பொய் நுழைகிறது. “சார்ஜ் தீர்ந்துபோச்சு”, “டிடிஆர் மாமா பிடுங்கிக்குவார்”, “அடுத்த ஸ்டேஷனில் தரேன்” — எத்தனை எளிதாக வருகின்றன! வா, ஒன்று தருகிறேன் என்று தம் பிள்ளையை அழைத்த ஒரு தாயாரிடம், என்ன தர எண்ணினீர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கேட்ட செய்தியை நாம் அறிவோம். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராதிருந்தால் அது உம்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று அறிவுறுத்தப்பட்டது. குழந்தையிடம் சொல்லும் பொய்க்குத் தனிச் சலுகை இல்லை. சார்ஜ் தீர்ந்தது என்று சொன்ன வாப்பா, அடுத்த நிமிடம் அதே கைப்பேசியில் செய்தி படிக்கத் தொடங்கினால், மூன்று வயதுக் குழந்தையும் உண்மையைக் கண்டுகொள்ளும். ‘இந்தக் கதை முடிந்ததும் போதும்’ என்று முன்கூட்டியே சொல்லி, அழுதாலும் அதில் நிற்பதே நேர்மை. அழுகை பத்து நிமிடம் இருக்கும். எதிர் இருக்கைக்காரரிடம் ஒரு சொல் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு அந்த இடத்தில் எதை வைப்பது? நம்மைத்தான். சிறுவராயிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபிகள் நாயகத்தின் வாகனத்தில் பின்னே அமர்ந்து சென்றபோது, சிறுவரே என்று அழைத்துச் சொல்லப்பட்ட சில சொற்களை, அவர்கள் ஆயுள் முழுதும் காத்து உலகுக்கு அறிவித்தார்கள். நம் பேச்சு அத்தரத்ததன்று. ரயில் இராத்திரியில் எங்கே தூங்கும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் அளவினதே. ஆயினும் வீட்டில் கடையும் அடுப்பும் தொழுகை நேரமும் துரத்த, பிள்ளையோடு ஒரே பலகையில் மணிக்கணக்காக உட்காரும் வாய்ப்பு வாப்பாமாருக்கு ஆண்டில் எத்தனை நாள் கிடைக்கிறது?

திரும்பி வரும் பயணம் மட்டும் வேறு. அப்போது குழந்தை களைத்திருக்கும், பார்த்த வழியே மறுபடியும் வரும், பெரியவர்களும் ஓய்ந்திருப்பார்கள். அன்று கருவியைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவிட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.