உறங்கும் மொட்டுகள்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே செங்கல் என்றொரு கிராமம் இருக்கிறது. மலையாளமும் தமிழும் அருகருகே ஒலிக்கும் எல்லைப்புறம் அது. அப்பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் பலாமரம் வழிவழியாக வளர்க்கப்படுவது. மாமரம் கிளை நுனியில் காய்க்கிறது. பலாவோ கரடுமுரடான அடிமரத்திலேயே காய்க்கிறது. சில மரங்களில் மண்ணை ஒட்டியே பழம் கிடக்கும். அதை வேர்ப்பலா என்பார்கள். தளிர் ஒன்றும் தென்படாத அந்தப் பட்டையில் பழம் எங்கிருந்து வந்தது?

இலை தண்டோடு சேரும் கோணத்தில் ஒரு மொட்டு தோன்றுகிறது. எல்லா மொட்டுகளும் உடனே கிளையாகிவிடுவதில்லை. சில அப்படியே உறங்கிவிடுகின்றன. மரம் பருக்கும்போது அவை உள்ளே புதைந்து போவதும் இல்லை. ஆண்டுதோறும் சிறிதளவு மட்டும் வளர்ந்து, பட்டைக்கு அருகிலேயே காத்திருக்கின்றன. மரத்தின் மையத்தோடு அவற்றுக்குள்ள தொடர்பு அறுவதில்லை. புயலில் கிளை முறிந்தாலும், நெருப்பு இலைகளைத் தீய்த்தாலும், மரம் மீண்டும் துளிர்ப்பது பெரும்பாலும் இந்த மொட்டுகளால்தான்.

அவை ஏன் உறங்குகின்றன? நுனிக்குருத்தில் ஆக்சின் என்னும் வளரூக்கி உண்டாகித் தண்டின் வழியே கீழே இறங்குகிறது. அது இறங்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கியிருக்கின்றன. 1930-களில் அறிஞர்கள் செடியின் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள்; மொட்டுகள் விழிக்கவில்லை. 2014-இல் பட்டாணிச் செடியைக் கொண்டு செய்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வளரும் நுனி சர்க்கரைச் சத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. நுனி போனதும் அச்சத்து பக்க மொட்டுகளை அடைந்து அவற்றை எழுப்புகிறது. முருங்கையின் நுனியைக் கிள்ளிவிடும் விவசாயி புதிதாக எதையும் மரத்திற்குள் வைப்பதில்லை. தடையை நீக்குகிறார், அவ்வளவுதான்.

இதே உண்மையைப் பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் கைவல்ய பாதத்தில் உழவனின் உவமையால் விளக்குகிறார். வயலுக்கு நீரை உழவன் உண்டாக்குவதில்லை. வரப்பைத் திறந்துவிடுகிறான், நீர் தானே பாய்கிறது. 1896-இல் வெளிவந்த ‘ராஜயோகம்’ நூலில் சுவாமி விவேகானந்தர் இந்தச் சூத்திரத்தைச் சிறப்பாக எடுத்துக்கொண்டு, மனிதனின் ஆற்றலும் தூய்மையும் ஏற்கெனவே அவனுள் நிறைந்துள்ளன, தடைகளே அகல வேண்டும் என்று விளக்கினார்.

செங்கல் அமைந்துள்ள அதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். அவர் பிறந்த ஈழவ சமூகத்தினருக்கு அக்காலத்தில் பெரிய ஆலயங்களின் வாசல் அடைத்திருந்தது. அருவிப்புறத்தில் எழுந்த அந்த ஆலயத்தின் பணிகளிலிருந்தே 1903-இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் உருவாயிற்று. பள்ளிகள் எழுந்தன, கல்வி பெருகியது. 1936-இல் திருவிதாங்கூர் ஆலயங்களின் கதவுகளும் அனைத்து இந்துக்களுக்கும் திறந்தன. அந்த மக்களுக்கு அறிவையும் பக்தியையும் யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஊட்டவில்லை. பல தலைமுறைகளாக அடக்கப்பட்டிருந்தவை தடை தளர்ந்ததும் துளிர்த்தன.

சமூகத்தில் நடப்பதே மனத்திலும் நடக்கிறது. அங்கே நுனிக்குருத்தாக நிற்பது ‘நான்’ என்னும் அகந்தை. சத்து முழுவதையும் அதுவே இழுத்துக்கொள்வதால் பொறுமை, இரக்கம், பிரார்த்தனை ஆகியவை மொட்டாகவே நின்றுவிடுகின்றன. சில நேரங்களில் வாழ்க்கையே அந்த நுனியை வெட்டிவிடுகிறது. பதவி போகிறது, உடல்நலம் குன்றுகிறது, உயிருக்கு உயிரானவர் மறைகிறார். அப்போது மனிதன், ‘எல்லாம் முடிந்தது’ என்று எண்ணுகிறான். ஆனால் முடிந்தது நுனி மட்டுமே, மரம் முடியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உள்ளே உறங்குபவை அனைத்தும் நல்லவை அல்ல. மனத்தின் துன்பக் காரணங்களான கிலேசங்களின் நான்கு நிலைகளைச் சாதன பாதம் கூறுகிறது. அவற்றுள் முதலாவது ‘பிரசுப்தம்’, அதாவது உறங்கும் நிலை. அகந்தையை அரசமரத்திற்கு ஒப்பிட்டார் ஸ்ரீராமகிருஷ்ணர்: இன்று வெட்டினாலும் மறுநாள் அதில் துளிர் தெரியும். ஒரே இழப்பு ஒருவரிடம் கருணையை எழுப்புகிறது. மற்றொருவரிடம் பல ஆண்டுகளாக உறங்கிய கசப்பை எழுப்புகிறது. ‘கோபத்தை வென்றுவிட்டேன்’ என்று சாதகன் நிம்மதி கொள்ளும் நாளில், அது பட்டைக்கு அடியில் காத்திருக்கலாம்.

ஆகவே விவசாயியிடம் இன்னொன்றையும் கற்க வேண்டும். ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழிருந்து சிம்புகள் கிளம்பினால் அவர் உடனே அவற்றைக் கிள்ளிவிடுகிறார். விட்டுவைத்தால் அவை சத்தை உறிஞ்சி, நல்ல கிளையை நலியச் செய்யும். துளிராக இருக்கும்போது விரல் நுனி போதும். கிளையான பிறகு அரிவாள் வேண்டும். இரவில் உறங்கச் செல்லுமுன், இன்று என்னுள் துளிர்த்தது எது என்று ஐந்து நிமிடம் பார்ப்பதே அந்தக் கிள்ளுதல். காலையில் செய்யும் ஜபமும், பலன் கருதாத சேவையும் நல்ல மொட்டுகளுக்குச் செல்லும் சத்து.

எவரையும், தன்னையும்கூட, ‘இனி இவர் தேறமாட்டார்’ என்று கைவிட நமக்கு உரிமை இல்லை. பட்டமரம் என்று நாம் ஒதுக்கியதன் பட்டைக்குள் ஒரு மொட்டு உயிரோடு இருக்கலாம். அதை விழிக்கச் செய்யும் அருளைப் பகவான் அனைவருக்கும் வழங்குவாராக.