அடுத்தவர் மூட்டை

திருச்சி விமான நிலைய வாசலில் அந்த அம்மா நீட்டியது ஒரு மஞ்சப்பை. "சிங்கப்பூர்தானே போறீக தம்பி? எம் மவன் அங்க கட்டட வேலையில இருக்கான். ஏர்போட்டுக்கே வந்து வாங்கிக்குவான். மசாலாப்பொடியும் ஊறுகாயுந்தான்."

யார் பொருளையும் வாங்கிப் போகக் கூடாதும்மா என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பையின் காதுகள் இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகிய முடிச்சு, நகத்துக்கு வசப்படாமல் பல்லால் கடித்து இழுத்தார். அதற்குள் வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

மறுத்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா, யாராவது எதையாவது கொடுத்தார்களா என்று கவுன்ட்டரில் கேட்பது சும்மா ஒப்புக்கு அல்ல. சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, உங்கள் பைக்குள் போதைப்பொருள் இருந்தால் அது உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் முதலில் கொள்ளப்படும். தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு. இதில் கசகசா வேறு. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா, அபினிச் செடியின் விதை என்பதால், அங்கே அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாத சரக்கு. அமீரகத்திலோ அடியோடு தடை. பொட்டலமாக இருந்தாலாவது எடுத்து வெளியே போடலாம். வறுத்து அரைத்த மசாலாவில் என்னத்தைப் பொறுக்குவது? மகனுக்குப் பிடிக்குமென்று ஒரு பிடி கூடுதலாகவே போட்டிருப்பார்.

ஆனால் அந்த முடிச்சு? திறந்து காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லையே.

நாகப்பட்டினத்துக்கு 'சிதம்பரம்' கப்பல் வந்துபோன காலத்தில் நான் சிறுவன். பெரியப்பா அதில் பினாங்கிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் பாதி அடுத்தவர் சாமான்தான். கோடாலித் தைலம், கைலி, பூப்போட்ட போர்வை, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. வந்ததும் வராததுமாக அதையெல்லாம் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெரியம்மா முணுமுணுப்பார். போர்வையைக் கொடுத்த வீட்டில் மோர் கொடுப்பார்கள், மகன் இளைத்துவிட்டானா என்று விசாரிப்பார்கள். அந்தச் சுற்றுக்குப் பெரியப்பா என்னையும் கூட்டிப்போவார். திரும்பும்போது அப்பளமும் வடகமும் கருவாடுமாக இன்னொரு பாரம். எந்த மூட்டையையும் அவர் அவிழ்த்துப் பார்த்ததாக நினைவில்லை. பார்த்திருந்தால் சண்டை வந்திருக்கும். அந்தக் காலம் யோக்கியமானது என்று சொல்ல வரவில்லை. தங்கக் கடத்தல் அப்போதும் அமோகமாகத்தான் நடந்தது. மூட்டையைக் கொடுத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று பெரியப்பாவுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆளைத் தெரிந்தால் போதுமா? எங்கே படித்தேன் என்பது மறந்துவிட்டது. 1986 ஏப்ரல், லண்டன் ஹீத்ரோ. டெல் அவிவ் விமானத்தில் ஏற வந்த ஒரு ஐரிஷ் பெண், கர்ப்பிணி. அவருடைய பையின் அடியில் ஒன்றரைக் கிலோ வெடிமருந்து. கொடுத்தவர் நிசார் ஹிந்தாவி, அவரைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்த ஆள், வயிற்றிலிருந்த குழந்தைக்குத் தகப்பன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாதுகாப்பு அலுவலர்கள் துருவித் துருவிக் கேட்டதால் விமானமும் பிழைத்தது, அவரும் பிழைத்தார். ஹிந்தாவிக்கு 45 ஆண்டு சிறை. அந்தப் பெண்ணிடம் போய், தெரியாதவர் கொடுப்பதை வாங்காதே என்று யாராவது புத்தி சொல்லியிருந்தால் என்ன பிரயோஜனம்?

அந்த அம்மா முடிச்சை அவிழ்த்தே காட்டியிருந்தாலும் பொடியில் கசகசா இருக்கிறதா என்று என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே பார்ப்பதில் பயனில்லை. இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்துவிடுகிறேன். ஆனாலும் வரிசை அப்படியொன்றும் வேகமாக நகரவில்லை. உள்ளே பார்த்துவிட்டால் மறுக்க வாய் வராது என்றுதான் நகர்ந்தேனா? சட்டம் சொன்னதைச் செய்தேன் என்கிறேன்; பையைத் திறக்கும்வரை நிற்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இப்போது அக்கா மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புகிறான். வேலை அனுமதிக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும், சூயிங்கம் வேண்டாம், ஒரு சிகரெட் பாக்கெட்டுக்குக்கூட அங்கே வரிவிலக்கு கிடையாது, அம்மா அரைக்கிற பொடியில் கசகசா சேர்க்கச் சொல்லாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன். யாரிடமும் எதையும் வாங்காதே என்றும்தான். "தெரிஞ்சவங்க குடுத்தா மாமா?" என்றான். வேண்டாம் என்றேன். சொன்னதை மீறி எவர் வீட்டு ஊறுகாயையோ அவன் வாங்கி வைத்துக்கொண்டால் திட்டுவேனா என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை.