மறதியும் நியாயமும்

ஒரு மனிதனுடைய பிழையை உலகம் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது, சட்டத்துக்கு வருமுன்பே தர்மத்தைச் சேர்ந்த கேள்வி. அரசனுடைய தண்டனையை அனுபவித்தவன் பாபம் நீங்கியவனாகிறான் என்று பழைய தர்மசாஸ்திரங்கள் சொல்லுவதன் தாத்பரியம், அந்தக் கணக்குக்கு ஒரு முடிவு உண்டு என்பதே. இங்கிலாந்திலும், தண்டனைக்குப் பின் மறுபடி குற்றம் செய்யாமல் குறித்த காலம் வாழ்ந்தவனுடைய குற்றங்களில் பலவற்றைத் தீர்ந்துபோனவையாகக் கருத வேண்டுமென்று 1974-ல் ஒரு சட்டம் செய்தார்கள்.

ஆனால் இத்தகைய விதிகளைவிட அதிகமாக மனிதனைக் காத்தது காகிதத்தின் அநித்தியம். நேற்றைய பத்திரிகை மளிகைக் கடைக்குப் பொட்டலம் கட்டப் போயிற்று. பழைய தீர்ப்பு வக்கீலின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. தோண்டி எடுக்க நினைப்பவனுக்குப் பிரயாசை வேண்டியிருந்தது. இணையத்தின் தேடுபொறி அந்தப் பிரயாசையை அறவே ஒழித்துவிட்டபடியால், காலம் தானாகச் செய்துவந்த காரியத்தைச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று.

ஸ்பெயின் தேசத்தின் ‘லா வான்குவார்டியா’ பத்திரிகையில் 1998-ல், சமூகப் பாதுகாப்பு நிதிக்குச் சேரவேண்டிய பாக்கிக்காக ஒருவருடைய சொத்து ஏலத்துக்கு வருவதாக, அரசாங்க உத்தரவின்படி அறிவிப்பு வெளியாயிற்று. விவகாரம் தீர்ந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும், கூகுளில் அவர் பெயரைத் தட்டினால் அந்த அறிவிப்பே வந்து நின்றது. 2010-ல் அவர் முறையிட்டார். 2014 மே 13-ல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம், பொதுஜனங்கள் அறியவேண்டிய அவசியம் இல்லாதபோது, பெயரைக் கொண்டு தேடுவோருக்கு அத்தகைய இணைப்பைக் காட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. பத்திரிகையின் பக்கமோ அப்படியே இருந்தது. இதில் சூட்சுமமான ஒரு தர்மம் இருக்கிறது. நடந்ததை நடக்கவில்லை என்பது அசத்தியம். ஆராய்கிறவன் ஏட்டைப் புரட்டிக் கண்டுகொள்ளட்டும். பெயரைச் சொன்ன மாத்திரத்தில் ஒருவனது பழைய வீழ்ச்சியை எடுத்து நீட்டுவதால் சத்தியத்துக்கு என்ன லாபம்?

நம் தேசத்திலோ, நிரபராதிக்கே இந்தக் கஷ்டம். கீழ்க்கோர்ட்டில் தண்டிக்கப்பட்டு அப்பீலில் விடுதலையான ஒருவர், தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்க வேண்டினார். சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் மறுத்தது. 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இசைந்தார்கள். ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்பின் முகப்பில் நிற்பவை பெயரும் வழக்கு எண்ணும். விடுதலை என்ற சொல் வருவது கடைசிப் பக்கத்தில். வேலை கொடுக்க உத்தேசிப்பவர் அவ்வளவு தூரம் படிப்பாரா?

நீதிமன்றத்தின் கதவு திறந்திருக்க வேண்டும் என்பது பெரிய தத்துவம். அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்கள் கறையைத் துடைத்துக்கொள்ள மறதியைக் கேட்பார்கள் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் ஐரோப்பாவில் 2014-க்குப் பின், எந்த இணைப்பை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று முதலில் நிர்ணயிக்கும் இடத்தில் தேடுபொறிக் கம்பெனியே உட்கார்ந்துவிட்டதே, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒருவனுக்கு விமோசனம் உண்டா இல்லையா என்று சொல்லும் அதிகாரத்தை ஒரு வியாபார ஸ்தாபனத்திடம் விடுவது தகாது. பார்லிமெண்டும் நீதிமன்றங்களும் இதற்குத் தெளிவான விதிகளை வகுக்கட்டும். பதவி வகித்தவர்களுக்கு விலக்கு அளிக்க வேண்டாம். குற்றமற்றவர் என்று விடுதலையான சாதாரண மனிதருடைய பெயரையாவது தீர்ப்பு நகலில் மறைக்க உடனே வழி செய்யட்டும்.