உப்பு குறைகிறது என்று யாரிடம் சொல்வது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் பசியோடு இருப்பது கடினம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தைத் தாண்டி ஈசான்ய லிங்கம் வருவதற்குள் நாலைந்து பேராவது கையில் தொன்னையைத் திணித்துவிடுவார்கள். புளியோதரை, தக்காளி சாதம், சாம்பார் சாதம், வெண்பொங்கல், தயிர் சாதம். வேண்டாம் என்று தலையசைத்தால் கொடுக்கிறவர் முகம் வாடிப்போகும். "கொஞ்சமாவது வாங்கிக்குங்க சாமி" என்பார். பாவம், எங்கிருந்தோ வேன் பிடித்து அண்டாவோடு வந்திருக்கிறார். விடிவதற்குள் அது காலியாக வேண்டும். இரண்டு வாய் தின்றுவிட்டு வைத்த தொன்னைகள் அடுத்த லிங்கம் வருவதற்கு முன்பே சாலையோரம் குவிந்து கிடக்கும். பசித்தவனைத் தேடிப் போய்ச் சோறிட்ட மரபு, சோற்றைச் செலவழிக்க ஆள் தேடும் மரபாகியிருக்கிறது.

நாலு நாள் கழித்து அதே பாதையில் நடந்து பாருங்கள். வேன்கள் இல்லை. காவி உடுத்தவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த ஆசிரமத்தில் எத்தனை மணிக்கு இலை போடுவார்கள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பசி தினமும் வருகிறது. புண்ணியம் திதி பார்த்துத்தான் வருகிறது.

"உங்க ஊர்ல எங்க சாப்பாடு நல்லா இருக்கும்?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். பதில் சொல்வது எளிதல்ல. 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்தைத் தொடாத ஊர் இது; 2024-இல் மாநகராட்சியாகிவிட்டது. கார்த்திகை தீபத்தன்று மட்டும் ஊரின் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு கூட்டம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கூட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஓட்டல்கள் மாவாட்டுகின்றன. தேரடி வீதிப் பக்கம் உடுப்பி பிருந்தாவன் போன்ற பழைய கடைகளில் இட்லி, பொங்கல், காபி. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை நெருங்க நெருங்கப் பலகைகளின் மொழி மாறும். சாந்தி கஃபே மாதிரியான இடங்களில் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் துறவைப் பற்றிப் பேசியபடி காலைச் சிற்றுண்டிக்குக் காத்திருப்பார்கள். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். ஆனால் சுற்றுவட்டாரக் கிராமங்களின் சாப்பாடு இந்த இரண்டிலும் கிடைக்காது. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, மானாவாரிக் காட்டில் பிடுங்கிய மல்லாட்டை என்ற நிலக்கடலையை உப்புப் போட்டு அவித்தது, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் சாமை: இவையெல்லாம் யாத்திரிகரின் கண்ணில் படாமல் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. சாமைக்கு மட்டும் அண்மையில் யோகம். சர்க்கரை நோய் வந்த பிறகு நகரத்துக்காரர்கள் அதைக் 'கண்டுபிடித்து' விட்டார்கள்.

இந்த ஊரின் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர் ரமணரைத் தாண்டிப் போக முடியாது. 1896 செப்டம்பர் 1 அன்று வந்து சேர்ந்த அந்தப் பதினாறு வயதுப் பையனுக்கு, கோயிலுக்குள் இருந்த நாட்களில் கொஞ்சகாலம் கிடைத்த ஆகாரம் அம்மன் சன்னதியின் அபிஷேகப் பால். பால் என்றா சொன்னேன்? தண்ணீரும் மஞ்சள்தூளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்து வழிந்த ஒன்று. அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் குடித்தார். ஒருநாள் அர்ச்சகர் ஒருவர் பார்த்து மனம் பொறுக்காமல், இனி நல்ல பாலாகக் கொடுங்கள் என்று ஏற்பாடு செய்தார். அந்த அர்ச்சகரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள். கொடுக்கப்படுவது சாப்பிடக் கூடியதுதானா என்று பார்த்தவர் அவர்.

பின்னாளில் ரமணர் தாமே தெருவில் இறங்கிப் பிச்சைக்குப் போனார். வாசலில் நின்று கைதட்டுவார்; போட்டதைக் கையில் வாங்கி அங்கேயே உண்பார். மலையில் இருந்த காலத்தில் கீரைப்பாட்டி என்ற ஏழைக் கிழவி பறித்த கீரையைச் சமைத்துக் கொடுத்தாள். கணவனையும் பிள்ளைகளையும் இழந்துவிட்டு வந்த எச்சம்மாள், 1945-இல் இறக்கும் வரை அவருக்கு உணவு கொண்டுவருவதை விடவில்லை. இவர்களையெல்லாம் அன்னதானப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. எந்தத் திதியும் பார்க்காமல், யாருக்குக் கொடுக்கிறோம், அவருக்கு என்ன ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து கொடுத்தவர்கள்.

ஆசிரமம் வளர்ந்த பிறகு ரமணர் விடியும் முன்பே அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார். தமக்கென்று தனியாக எதையும் பரிமாற விடமாட்டார். அப்படிப்பட்டவர் உட்கார்ந்து உண்ட கூடத்திலேயே ஆசாரம் பார்த்த பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. அவர் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும்படியான இடத்தில் அமர்ந்தார். இதை மிகப் பெரிய சமரசம் என்று போற்றுகிறவர்கள் உண்டு. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்குச் சோறு அன்று எப்படி இறங்கியிருக்கும் என்பதைப் போற்றுகிறவர்கள் எழுதி வைக்கவில்லை. அதே ஆசிரமத்தில் இன்றும் முற்பகலில் சாதுக்களுக்குத்தான் முதல் உணவு. அதற்குப் பிறகே விருந்தினர் பந்தி. எனக்கு இந்த வரிசை பிடித்திருக்கிறது.

இலவசச் சோற்றில் ஒரு குறை இருக்கிறது: அதில் குறை சொல்ல முடியாது. தொன்னையை நீட்டுகிறவரிடம் "உப்பு பத்தல" என்று சொல்லிப் பாருங்கள். சுற்றி நிற்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையில் அடுத்த பிறவிக்கும் சேர்த்துப் பாவம் வந்துவிடும். ஓட்டலில் அந்தத் தொல்லை இல்லை. தேரடிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் சாமியார் ஒருவர் சில்லறையை மேசையில் எண்ணி வைத்துவிட்டு, "தோசை முறுகலா வேணும்" என்றதைப் பார்த்திருக்கிறேன். வந்தது முறுகலாக இல்லை. திருப்பி அனுப்பினார். மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே வேறு ஊற்றினார். அத்தனை அன்னதானம் நடக்கும் ஊரில் அந்த மனிதர் ஏன் காசு கொடுத்துச் சாப்பிட வந்தார் என்று அன்று எனக்குப் புரிந்தது.

கொடுக்கிறவர் பேச, சாப்பிடுகிறவர் கேட்க என்பது பழகிப்போனதால், என்ன சாப்பிடலாம் என்று சொல்லவும் ஆட்கள் வருகிறார்கள். 2022 ஆகஸ்டில் வந்த ஆளுநர் ஆர்.என்.ரவி, கிரிவலப் பாதையில் அசைவக் கடைகள் இருப்பது வேதனை தருவதாகச் சொன்னார். மாவட்டத்துக்காரரான அமைச்சர் எ.வ.வேலு, எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் விருப்பம் என்று பதில் தந்தார். சில நாட்களுக்கு ஊரே இரண்டு கட்சி. அந்தப் பாதையில் வீடு கட்டிக் குடியிருக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பௌர்ணமி முடிந்ததும் தெரு கூட்டுகிறவர்கள் ஆகியோருக்கு மத்தியானம் என்ன சாப்பாடு என்பது விவாதத்தில் வரவில்லை. நடக்கிறவர்களின் மனம் புண்படுவது பற்றியே பேச்சு.

நடக்கிறவர்கள் சைவமாக இருக்கட்டும். அதில் தப்பில்லை, நானும் அன்று அப்படித்தான். ஆனால் சிவனுக்குப் பன்றி இறைச்சியைச் சுட்டு, வாயில் இட்டு ருசி பார்த்து, பதமானதை மட்டும் படைத்த வேடர் கண்ணப்பர் நம் நாயன்மார். தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் காலையில் அறுபத்து மூவரும் மாட வீதிகளில் உலா வருகிறார்கள். அந்த வரிசையில் கண்ணப்பரும் வருகிறார். அவரைக் கண்டு மனம் புண்பட்டதாக இதுவரை யாரும் மனுக் கொடுத்ததில்லை.