கடைசியில் வந்தவர் முதலில்

மருத்துவமனையில் விடியற்காலையிலேயே சீட்டு வாங்கிக் காத்திருப்பவர், பத்து மணிக்கு விபத்தில் அடிபட்டு இரத்தம் வடியக் கொண்டுவரப்பட்ட ஒருவரை மருத்துவர் முந்திக் கவனித்தால் முறையிடுவதில்லை. வரிசை உடைந்தாலும் நீதி உடையவில்லை என்பதை அவர் உணர்வார். ஆனால் அதே மருத்துவர், கடைசியாக வந்தவரையே முதலில் பார்ப்பேன், முன்னரே வந்தவர்கள் இருக்கட்டும் என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபடும்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் புகலிடம் வேண்டி விண்ணப்பித்தோர்க்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுவே. நாடுகடத்தல் வழக்கு ஏதுமின்றித் தாமே முன்வந்து மனுச் செய்தவர்களைப் பற்றியே இங்குப் பேசுகிறோம். குடிவரவு நீதிமன்றங்களின் தேக்கம் தனிக்கதை. 1995-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில், புதிய மனுக்களை முதலில் விசாரிக்கும் முறையை அந்நாடு கைக்கொண்டது. 2014 டிசம்பரில், முன்வந்தவர் முன் என்னும் இயல்பான வரிசை திரும்பியது. 2018 ஜனவரியில் மீண்டும் தலைகீழ்: ஒத்திவைக்கப்பட்ட நேர்காணல்கள் முதலில், பதிவாகி 21 நாளைத் தாண்டாத மனுக்கள் அடுத்து, எஞ்சியவை புதியதிலிருந்து பழையதை நோக்கி. அப்போது தேங்கிக்கிடந்தவை சுமார் 3,11,000 மனுக்கள். 2023 இறுதியில் அத்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இம்முறையை அறிவற்றது என்று தள்ளிவிட முடியாது. 1995-க்கு முன்னர், மனுச் செய்தவர்க்கு வேலை அனுமதி எளிதில் கிடைத்தது. விசாரணையோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. எனவே தாமதமே ஓர் ஊதியமாயிற்று. அச்சுறுத்தல் ஏதும் இல்லாதவரும் அந்தத் தாமதத்தை நாடி மனுச் செய்தனர். மனுச் செய்து 180 நாள் கழியாமல் வேலை அனுமதி இல்லை, அதற்குள் விசாரணை என்று விதித்தபின் புதிய மனுக்கள் வெகுவாகக் குறைந்தன. (அப்போது விசாரணை அதிகாரிகளின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டது. இதை மறந்துவிட்டு வரிசை மாற்றத்துக்கே புகழ் முழுவதையும் கொடுப்பவர்கள் உண்டு.) பொய் மனுக்கள் பெருகினால் மெய்யான மனுக்களே நசுங்கும் என்பதும் உண்மையே.

எனினும் இந்தப் பயனுக்கு விலை கொடுப்பவர் யார்? ஏற்கெனவே மனுச் செய்து காத்திருப்பவர். அடிபட்டவர் முந்தும்போது அதற்கான காரணம் அவர் உடலிலேயே தெரிகிறது. இங்கோ காரணம் புதியவரின் துயரிலும் இல்லை. பழையவரின் குற்றத்திலும் இல்லை. இன்னும் புறப்படாத யாரோ ஒருவரின் எண்ணத்தில் இருக்கிறது. அவரைத் தடுப்பதற்காக இவர் அடுக்கின் அடியில் வைக்கப்படுகிறார். மனிதரை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்னும் நெறியை இம்மானுவேல் காண்ட் 1785-இல் வகுத்துரைத்தார். காத்திருப்பவரை யாரும் தண்டிக்கவில்லை. அவர் மனுவை மறுக்கவுமில்லை. ஆகவே அவர் எதிர்த்து வாதிடுவதற்கும் ஒரு தீர்ப்பு இல்லை.

வேலை செய்ய அனுமதிதான் கிடைத்துவிட்டதே, இழப்பு எங்கே என்று கேட்போர் உண்டு. புகலிட வழக்கில் பெரும்பாலும் மனுதாரரின் வாய்மொழியே சான்று. ஆண்டுகள் செல்லச் செல்ல நாள்களும் பெயர்களும் மங்கும். 2005-ஆம் ஆண்டுச் சட்டமோ, வழக்கின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டையும் நம்பகமின்மைக்குச் சான்றாகக் கொள்ள இடம் தந்தது. அலுவலகம் உண்டாக்கிய மறதியை மனுதாரரின் பொய்யாக எண்ணிவிடலாம். இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

2024-இல் அதிகாரிகளுள் சிலரை மிகப் பழைய மனுக்களுக்கென்றே ஒதுக்கினார்கள். தங்கள் முறை தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அடுக்கின் அடியிலும் கைவைத்தார்கள்.

அயல்நாட்டில் விட்டுவந்த மனைவி மக்களை, புகலிடம் கிடைத்த பின்னரே மனுதாரர் தம் உரிமையின்கீழ் அழைத்துக்கொள்ள முடியும். பிள்ளைகளுக்கு 21 வயது நிறைந்தால் அவ்வுரிமை போய்விடுமே என்று 2002-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். மனுச் செய்த நாளில் பிள்ளைக்கு இருந்த வயதே அவ்வழக்கில் நிலையான வயது. அன்று பதினேழாயிருந்த மகள், பத்தாண்டு கழிந்தும் ஏட்டில் பதினேழாகவே இருப்பாள். ஆனால் அவள் மணமாகாதவளாக இருக்கவேண்டும் என்னும் விதி மாறவில்லை. தந்தையின் நேர்காணலுக்கு நாள் குறிக்கும்வரை, கடல் கடந்த ஓர் ஊரில் அவளும் காத்திருக்கிறாள்.