முதல் நாற்காலிப் பொய்

சீட்டாட்டத்தில் சொல்லும் பொய் பாவமா? 'விளையாட்டுத்தானே!' என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் போக்கரில் ஒரு தந்திரம் உண்டு. அதை யோசிக்க யோசிக்க எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டெக்ஸஸ் முறை ஆட்டத்தில் மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு. அதைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாகப் பணம் வைத்தாக வேண்டும். ஒருவர் ஒரு டாலர், அடுத்தவர் இரண்டு. இதற்கு 'பிளைண்ட்' என்று பெயர். அவர்களுக்கு அடுத்த நாற்காலிக்காரர்தான் முதலில் பேச வேண்டும். அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, அல்லது ஏஸும் ராஜாவும் சேர்ந்த கை, இவற்றில் ஒன்று அந்த எட்டுப் பேரில் ஒருவரிடமாவது இருக்க நூற்றுக்குச் சுமார் 19 வாய்ப்பு. இருவர் மட்டுமே மிச்சமிருந்தால் அது 5தான். ஆகவே முதல் நாற்காலிக்காரர் துணிந்து பந்தயத்தை உயர்த்தினால், 'இவரிடம் சரக்கு இருக்கிறது' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்.

கையில் ஒன்றுமில்லாதவன் ஆறு டாலரை முன்னே தள்ளி அந்த மூன்று டாலரைத் தட்டிக்கொண்டு போவது இந்த நம்பிக்கையை வைத்துத்தான். மூன்றில் இரண்டு முறை பலித்தாலே முதலுக்கு மோசமில்லை.

இது திருட்டா? இல்லை. பிளைண்ட் வைக்கும் முறை எல்லோருக்கும் சுற்றி வருகிறது. இன்று எடுத்தவன் நாளை இழப்பான். ஏமாற்றலாம் என்பதும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. 1944-ல் வெளியான தங்கள் நூலில் நியூமனும் மார்கன்ஸ்டர்னும் இதற்குக் கணிதமே எழுதினார்கள். 1968-ல் ஆல்பர்ட் கார் என்பவர் ஒரு படி மேலே போய், வியாபாரமும் போக்கர்தான், அதன் தர்மம் வேறு என்று ஹார்வர்டு வணிகப் பத்திரிகையில் வாதாடினார்.

இங்கேதான் நான் தயங்குகிறேன். போக்கர் மேஜையில் உட்காருகிறவன் தெரிந்து உட்காருகிறான். கடைக்கு வருகிறவன் அப்படி வருவதில்லை. மேலும், கடைசி நாற்காலிப் பொய்யை எல்லோரும் சந்தேகிக்கிறார்கள். முதல் நாற்காலிப் பொய் பலிக்கிறதென்றால், அங்கே மற்றவர்கள் யோக்கியமாக ஆடியதுதான் காரணம். அந்தப் பொய்க்கு முதல் போட்டவன் நாணயஸ்தன்.

ஒரு சமயம் ஒரு பத்திரிகை ஆசிரியரிடம், "இந்தத் தொடர்கதையை வேறொருவர் அதிகப் பணத்துக்குக் கேட்கிறார்" என்றேன். யாரும் கேட்கவில்லை. "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவர் தொகையை உயர்த்தினார். பத்து வருஷமாக நான் மெய் பேசிச் சேர்த்ததை ஒரே வாக்கியத்தில் செலவழித்துவிட்டேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. தாம் ஓர் ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது!

அடுத்த கதைக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று சொல்லப் பலமுறை நினைத்தேன். காரணம் கேட்பாரே என்று வாய் வரவில்லை. அவர் இன்னும் என்னை நம்புகிறார்.