வாயில்லா உயிரும் வினைக்கொள்கையும்

சென்ற திங்கள் எம் இல்லத்திற்கு வந்த சைவ அன்பர் ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். அவர் சித்தாந்த சாத்திரங்களை முறையே பாடங்கேட்டவர். "தெருவிற் கிடக்கும் நாயும் பூனையும் தாந்தாம் முற்பிறப்பிற் செய்த வினையின் பயனையே நுகர்கின்றன. அவற்றைக் காப்பகத்திற் சேர்த்து மருந்திடுதலும் வீட்டிற் கொணர்ந்து வளர்த்தலும், இறைவன் ஊட்டும் வினையை இடைநின்று தடுத்தல் ஆகாவோ? ஆகா எனினும் அவை பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியம் அல்லவே. சிவனடியார்க்கு அத்தொழில் எற்றுக்கு?" என்பது அவர் வினா. மூன்றாண்டுகளுக்கு முன்னராயின் யாமும் இவ்வாறே பேசியிருப்பேம். இப்பொழுது அங்ஙனம் பேச எமக்கு நா எழவில்லை. அதன் காரணத்தை மறையாது கூறுதல் எம் கடனாதலின் இதனை வரைகின்றேம்.

விலங்குக் காப்பகம் என்பது இந்நாட்டுக்குப் புதியதன்று. 1832-ஆம் ஆண்டில் மும்பையில் தெருநாய்களைக் கொல்லுமாறு அரசினர் கூலியாட்களை ஏவியபொழுது பார்சி மக்கள் பொறாது கிளர்ந்தெழுந்தனர். 1834-இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் முதலியோர் அந்நகரிற் 'பாஞ்சராபோல்' என்னும் விலங்குப் புகலிடத்தை நிறுவினர். இலண்டனில் நாய்களுக்குரிய பெயர்பெற்ற காப்பகம் தோன்றியது அதற்குப் பின்னர், 1860-இலேயாம். நம் சென்னையில் 1959-இல் கேப்டன் சுந்தரம் அவர்கள் புளூ கிராஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று இத்தகைய இடங்களில் இளைஞர் பலர் ஊதியமின்றிக் கூடு கழுவுகின்றனர், புண்ணுக்கு மருந்திடுகின்றனர். தாயற்ற குட்டிகளைச் சில வாரம் தம் வீட்டிற் கொண்டுபோய் வளர்த்து மீளத் தருவாரும் உளர். இதனை அவர் 'ஃபாஸ்டர்' என்பர். நிலையாக ஏற்று வளர்ப்பதைத் தத்தெடுத்தல் என்பர். இடைக்கால வளர்ப்பு வேண்டப்படுவது வெறும் இடநெருக்கத்தால் மட்டுமன்று. பார்வோ என்னும் கொடிய வயிற்றுநோயின் நுண்கிருமி மண்ணிற் பல திங்கள் அழியாது கிடப்பதாகலின், தடுப்பூசி நிரம்பாத குட்டிகளுக்குப் பல விலங்கு புழங்கும் காப்பகமே இடராய் முடிதலும் உண்டு.

எம் பேர்த்தி கல்லூரி மாணாக்கி. ஞாயிறுதோறும் அத்தகைய காப்பகம் ஒன்றிற்குச் சென்று தொண்டு செய்பவள். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மிக்ஜாம் புயலாற் சென்னையின் தாழ்ந்த பகுதிகள் நீரில் ஆழ்ந்தபொழுது, கண் திறந்து சின்னாளே ஆன இரண்டு நாய்க்குட்டிகளை ஒரு துணிப்பையில் இட்டுக் கொணர்ந்தாள். தாய் வண்டியில் அடிபட்டு இறந்தது என்றாள். யாம் ஆன்மார்த்த பூசை உடையேம். நாய் மனைக்குள் புகுதல் எமக்கு உடன்பாடன்று. பின்புறத்துக் கொட்டிலில் வைத்துக்கொள்க என்று இசைந்தேம். தொட்டபின் நீராடியே பூசைக்கு அமர்ந்தேமாகலின் ஆசாரத்திற்கு யாதும் குறைவில்லை.

அவள் எமக்குச் சில கற்பித்தாள். அவ்விளங்குட்டிகள் தாமே மலசலம் கழிக்கமாட்டா; தாய் நாவால் நக்குதல்போல, வெதுவெதுப்பான ஈரத்துணியால் நாமே துடைத்துக் கழிப்பித்தல் வேண்டும். மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், தகரப் பேழையில் உள்ள பாற்பொடியைக் கரைத்து ஊட்டுதல் வேண்டும். நாற்பதாண்டு மாணாக்கர்க்குத் தொல்காப்பியம் சொல்லிய கை அன்று ஒரு நாய்க்குட்டியின் அடிவயிற்றைத் துடைத்தது. முதலிற் கூசினேம் என்பது உண்மையே.

மறுநாள் அவள் காப்பகத்து வெள்ளப்பணிக்குச் சென்றுவிட்டாள். எமக்கோ அப்பாற்பொடி மனத்திற்குப் பிடிக்கவில்லை. ஆவின்பாலினும் தூயது யாது உளது, பேழைப்பொடி எதற்கு என்று கருதிப் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி இரண்டிற்கும் ஊட்டினேம். நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் மிகுதி; பசும்பாலில் அவை குறைவு, பாற்சர்க்கரையே மிகுதி; ஆதலின் அது குட்டிகளின் வயிற்றுக்கு ஒவ்வாது என்பதைப் பின்னரே அறிந்தேம். அன்று மாலையே கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் இரவு சிறியது எம் மடியிலேயே குளிர்ந்துபோயிற்று. விலங்கு மருத்துவர், "இத்துணை இளமையில் உடல்நீர் வற்றினால் தாங்காது, வேறு நோயும் இருந்திருக்கலாம், இதுதான் காரணம் என்று அறுதியிட இயலாது" என்றார். பேர்த்தி எம்மைக் கடிந்து ஒருசொல்லும் சொல்லவில்லை. கொல்லையில் நந்தியாவட்டையின் அடியிற் குழி தோண்டினாள்.

அவளைத் தேற்ற எண்ணி, "அதன் பிராரத்தம் அவ்வளவே, அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேம். சொல் வெளிவரவில்லை. பல மேடைகளிற் பலகாலும் சொல்லிய சொல்லே அது. அக்கணத்தில் அது எம்மைக் காத்துக்கொள்ளுதற்கு யாம் எடுத்த கேடயமாகவே எமக்குத் தோன்றிற்று.

இனி அன்பர் வினாவிற்கு வருவேம். பிராரத்தம் பொய் என்பேம் அல்லேம். வினை சடமாகலின் தானே சென்று பொருந்தாது. இறைவனே அதனை உயிர்க்குக் கூட்டுவான் என்பது நம் துணிபு. அங்ஙனமாயின், எவ்வுயிர்க்கு எத்துணைத் துன்பம், எப்பொழுது தீர்வு என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. நாய்க்கு வந்த புண் அதன் வினைப்பயன் ஆயின், அப்புண்ணுக்கு மருந்திடும் கை வந்து சேர்ந்ததும் அதன் வினைப்பயன் ஆகாதோ? துன்பத்தை மட்டும் இறைவன் கணக்கில் எழுதி, தீர்வை அக்கணக்கின் புறத்தே நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்? நம் அன்பர் சென்ற ஆண்டு தம் கண்ணிற் புரை வளர்ந்தபொழுது பிராரத்தம் என்று இருந்தாரல்லர். மருத்துவமனை சென்று அறுவை செய்துகொண்டே வந்தார். செய்தது தக்கதே; யாமும் பழங்கொண்டு சென்று நலம் உசாவினேம்.

வினைக்கொள்கை நம் துன்பத்தை நாம் பொறுத்தற்கு உரிய மருந்து. பிறிதோர் உயிரின் துன்பத்தை நாம் எளிதிற் பொறுத்துக்கொள்ளுதற்கு அது தரப்பட்டதன்று. ஊட்டுவோனும் ஊட்டற்குரிய அளவை அறிவோனும் சிவன். நாம் அந்நீதிமன்றத்து ஏவலாளரும் அல்லேம். நம் முன் ஓர் உயிர் துன்புறுங்கால் நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நமக்கு ஆகாமியமாய் ஏறும். அக்குட்டியின் இறப்பு அதற்குப் பிராரத்தமே ஆகுக. ஊட்டிய கை எம்முடையது. கேட்டறியாது செய்த செருக்கும் எம்முடையது.

பசுபுண்ணியம் என்னும் தடைக்கும் ஒருசொல். யான் செய்கின்றேன், எனக்குப் பயன் வருக என்று செய்வது பசுபுண்ணியம்; சிவன் உயிர்க்குயிராய் நிற்றலை உணர்ந்து அவன் பணியாகச் செய்வது சிவபுண்ணியம். வேறுபாடு செய்வோனது உணர்விலே உள்ளது. செய்யப்படும் உயிர் நாயோ ஆவோ என்பதில் இல்லை. பசு என்னும் சொற்றானும் சாத்திரத்தில் ஆவைக் குறித்து நின்றதன்று. ஆணவத்தாற் கட்டுண்ட எல்லா உயிரையும் குறித்தது. அவ்வகையில் கொட்டிலிற் கிடந்த குட்டியும் யாமும் ஓரினமே. மணிவாசகப் பெருமான் தம்மை நாயென இழித்துரைத்துக்கொண்டமையை நாடோறும் ஓதி உருகுகின்றேம். ஓதி முடித்து வாயிலுக்கு வந்து அங்குக் கிடக்கும் நாயைக் கோலால் ஓட்டுகின்றேம்.

சேய்ஞலூர் விசாரசருமரை நினைமின். பாற்குடம் ஆட்டிய பூசையையும் தாதையின் தாளை எறிந்த மழுவையுமே நாம் பெரிதும் பேசுகின்றோம். அவர் வரலாறு எங்குத் தொடங்குகின்றது? இடையன் ஒருவன் ஓர் ஆவைக் கோலால் அடித்தலைக் கண்டு பொறாது, ஊராரிடம் சொல்லி, அந்நிரையை மேய்க்கும் தொழிலைத் தாமே வலிந்து ஏற்றவிடத்துத் தொடங்குகின்றது. அவர் சிவபூசை அவ்விரக்கத்தினின்று முளைத்தது. ஆ தூயது, நாய் அன்னதன்று என்பாருக்குத் திருவிளையாடற் புராணத்துள் விடையுண்டு. தாயிழந்து பசியால் அலறிய பன்னிரு பன்றிக்குட்டிகளுக்கு ஆலவாய்ப் பெருமான் தாய்ப்பன்றியின் வடிவே கொண்டு முலை கொடுத்தருளினான். அவை குருவின் சாபத்தாற் பன்றியானவை என்று புராணமே கூறுகின்றது. வினைப்பயன் என்பதை முற்றும் அறிந்தவனே பசியைப் பொறாது இழிந்துவந்தான். பிறர் விலக்கும் உடம்பையும் எடுத்தான். குட்டிகளுக்கு எப்பால் தகுமோ அப்பாலையே கொடுத்தான் என்பதும் இப்பொழுது எம் நெஞ்சில் தைக்கின்றது.

தெருநாயால் மக்கள் கடியுண்டு வெறிநோயால் இறத்தலும் உண்மை. அதனை எளிதாக்கிப் பேசுதல் அருளாகாது. கருத்தடை செய்து, தடுப்பூசி இட்டுப் பிடித்த இடத்திலேயே விடுதலை 2023-இல் வந்த மைய அரசின் விதிகள் கூறுகின்றன. 2025-இல் இப்பொருள் உச்சநீதிமன்றத்திலும் பெரிதும் வழக்காடப்பட்டது. அவ்வழக்கினுள் ஈண்டுப் புகேம்.

எஞ்சிய குட்டி தேறிற்று. ஒன்பது வாரம் எம்மிடம் இருந்தது. எம் குறட்டின் ஒலி கேட்டால் கொட்டிலிலிருந்து ஓடிவரும். தடுப்பூசிகள் இட்டபின் ஒரு குடும்பத்தார் தத்தெடுக்க வந்தனர். நாட்டுநாய்க் குட்டியைக் கேட்டு வருவார் அரியர். வெண்ணிறச் சடைநாயையே பலரும் தேடுவர். நல்லோர் வந்தமைக்கு யாம் மகிழ்ந்திருத்தல் வேண்டும். மகிழாது, அவர் வீட்டின் அளவையும் சிறுவனது வயதையும் வாடகை வீடோ என்பதையும் துருவித்துருவி வினாவினேம். சில திங்கள் வளர்த்துச் சலித்துத் திருப்பித் தருவாரும், தெருவில் விட்டு மறைவாரும் உண்டு. இரண்டாமுறை கைவிடப்பட்ட விலங்கு உண்ணாது சுவர் நோக்கிக் கிடத்தலைப் பேர்த்தி சொல்லக் கேட்டிருக்கின்றேம். ஆதலின் வினாவுதல் முறையே. ஆயினும் அன்றைய எம் வினாக்கள் அக்கவலையால் எழுந்தன அல்ல. கொடுக்க மனமின்மைக்குக் காரணம் தேடினேம்.

பேர்த்தி எம்மைத் தனியே அழைத்து, "தாத்தா, இதனை நாமே வைத்துக்கொண்டால் அடுத்து வருங் குட்டியை எங்கே வைப்போம்?" என்றாள்.

எனது என்னும் புறப்பற்றைப் பற்றி யாம் எழுதிய கட்டுரைகள் பல. மலநீக்கத்தை அங்கே பாகுபடுத்தி விளக்கினேம். நாய்க்குட்டி ஒன்றைக் கொடுக்கும்பொழுது கை நடுங்கிற்று. அந்நடுக்கம் அன்போ பற்றோ என்று இன்னும் எமக்குத் தெளியவில்லை. இரண்டும் ஒரே நீராய்க் கலந்திருந்தன போலும். அச்சிறுவன் அதனை மார்போடு அணைத்துக்கொண்டு போனான்.

அண்மையிற் கோயிலுக்குச் செல்லும் வழியில் அதனைக் கண்டேம். நன்கு வளர்ந்திருந்தது. எம் காலை மோந்து பார்த்து, ஒருகணம் நின்று, பின் சிறுவன்பால் ஓடிற்று. வீட்டிற்கு வந்து பேர்த்தியிடம் சொன்னேம். அவள் வரும் ஞாயிறன்று மூன்று பூனைக்குட்டிகள் வருமென்று சொல்லி, அவற்றுக்குரிய பாற்பொடியையும் அளவுக் கரண்டியையும் எம் ஏட்டுப்பெட்டியின் மேல் வைத்துச் சென்றாள்.